உங்களிடம் திரும்பாதவை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், திருப்பூரில் ஒரு வீட்டில் இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. ஒன்று கோகிலவாணியுடையது. அவள் அடுப்படியில் கோழிக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தாள். மற்றது அவளுடைய ஒரே மகள் தன்விகாவுடையது. அவள் கூடத்தில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

கோகிலவாணிக்கு வந்த கடிதம் சுருக்கமானது. ‘உங்கள் பயண அனுமதி விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அனுப்பப்பட்ட நிழல்கள்: 100. திரும்பாதவை: 71.’ தன்விகாவுக்கு வந்தது இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரர் தாம் ஊர் திரும்புவதற்கான காரணமாக உங்கள் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். உங்களிடம் திரும்பாதவை: 71.’

கடிதம் எழுதிய குமாஸ்தா யாரென்று தெரியாது. மனிதனாக இருந்தால் அவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாள். ‘உங்களிடம்’ என்ற சொல்லைப் போடாமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பம் மதியச் சாப்பாட்டையாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும்.

அந்த நாட்டின் பெயர் வேண்டாம். ஐரோப்பாவின் வடக்கில் இருக்கிறது, குளிர் அதிகம், மக்கள் குறைவு. முன்பெல்லாம் அங்கே போக வேண்டுமென்றால் ஆறு மாத வங்கிக் கணக்கு, முதலாளி கொடுத்த கடிதம், வீட்டுப் பத்திரம், காப்பீடு, போகவர டிக்கெட், இரண்டு காதும் தெரிகிற போட்டோ என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்பார்கள். அத்தனையையும் அசலைவிட அழகாகச் செய்து கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தான். பத்து நாளைக்கென்று போனவர்கள் பத்து வருஷம் ஆகியும் வரவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அந்த நாடு காகிதத்தை விட்டுவிட்டு நிழல்களைப் பிடித்துக்கொண்டது.

நிழல் என்றால் விண்ணப்பதாரரின் நகல். பத்து வருஷத்து மின்னஞ்சல், போன் பேச்சு, ஆரோக்கியக் கணக்கு, வாங்கிய சாமான், போன கோயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதை வைத்து இயந்திரத்துக்குள் உங்களைப் போல ஒருத்தியைச் செய்து, அதே இயந்திரத்துக்குள் இருக்கும் அந்த நாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு தடவை அல்ல, நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து வருஷம் வரை விட்டுப் பார்ப்பார்கள். வெளியே அது ஒரு மத்தியான வேளைக்குள் முடிந்துவிடும். இருபதுக்கு மேல் திரும்பாவிட்டால் அனுமதி இல்லை.

வந்த நாலு வருஷத்தில் இது தூதரகத்தோடு நிற்கவில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் ‘மாப்பிள்ளைக்கு நிழல் எத்தனை?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவிநாசியில் ஒருவனுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. அவன் பெண்டாட்டி மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் எங்கும் போகவில்லை. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான், தனியாக.

கோகிலவாணி கேட்டது பத்தே நாள்தான். பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவள் இருபத்தொரு வருஷமாக வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அந்த நாட்டில் துணி வாங்கும் சீக்ரித் என்ற பெண்மணியோடு அத்தனை வருஷமும் அவள்தான் கடிதப் போக்குவரத்து. சட்டைக் கை அரை சென்டிமீட்டர் கூடிப்போனதிலிருந்து சீக்ரித்தின் புருஷன் செத்துப்போனது வரை எல்லாம் அந்த மின்னஞ்சல்களில் இருக்கிறது. நேரில் பார்த்ததில்லை. இந்த வருஷம் சீக்ரித் ஓய்வு பெறுகிறாள். ஒரு தடவையாவது வந்து என் கடையில் உன் சட்டைகள் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தாள். முதலாளியும் சரியென்றார். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறோம் என்று கோகிலவாணி ஆசையாக இருந்தாள். கோட்டுக்கூட இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

புருஷன் பூபதி பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், எதையும் சிரித்தே கடக்கிற சுபாவம். எழுபத்தொன்று என்றதும், பத்தாம் வகுப்புக் கணக்கில் தான் வாங்கியதைவிட இது அதிகம் என்றான். யாரும் சிரிக்கவில்லை. சாப்பிட்டான், கை கழுவினான், சாயங்காலம் வரை டிவி பார்த்தான். பிறகு, சும்மா கேட்பதுபோல, “ஏன் வாணி, அந்த சீக்ரித்துக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருக்காங்களா?” என்றான். இருபத்துமூன்று வருஷம் குடும்பம் நடத்தியவனிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. 

தன்விகா எதுவுமே கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கோகிலவாணி வழக்கம்போல மாத்திரையும் தண்ணீருமாக அவளிடம் போனாள். “நானே போட்டுக்கிட்டேம்மா” என்றாள் மகள், போனிலிருந்து தலையை எடுக்காமல். எட்டு வருஷத்தில் அவளாக மாத்திரை போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. கோகிலவாணி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

தன்விகாவுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் அல்ல, நல்லவேளையாக வீட்டில். அன்றிலிருந்து காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. மாத்திரை தவறினால் வந்துவிடும், தவறாவிட்டாலும் சில சமயம் வரும். இது வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. போனில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும் அல்லவா?

மறுநாள் கம்பெனியிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோகிலவாணி ரெஹானாவைப் பார்க்கப் போனாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியவள் ரெஹானாதான். அவிநாசி ரோட்டில் சின்ன அலுவலகம், இருக்கிற நாடுகளுக்கெல்லாம் விசா வேலை பார்ப்பவள், மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவள். கோகிலவாணியின் பதிவுகளைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா, உங்களுக்கு வலிப்பு இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“எனக்கா? எனக்கு ஏது?”

“எட்டு வருஷமா இருக்குதுங்க. கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட மாசாமாசம் போயிருக்கீங்க. மாத்திரை உங்க பேர்ல. ரெண்டு தடவை தலை ஸ்கேன் உங்க பேர்ல.”

 அது அவளுடைய நங்கை, அதாவது பூபதியின் அக்கா, சொல்லிக்கொடுத்த வழி. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அந்த அம்மாள் கூட வந்து, பிள்ளை பேரில் ஃபைல் போட்டால் நாளைக்கு எவன் கட்டுவான், உன் பேரில் போடு என்று காதோடு சொன்னாள். டாக்டரும் இதெல்லாம் பார்த்துப் பழகியவர். அந்தப் பக்கத்தில் பாதி அம்மாக்கள் காகிதத்தில் வலிப்புக்காரிகள்தான். அவர் மகளைப் பார்த்துவிட்டு அம்மா பேரில் எழுதிக் கொடுத்தார். எழுதி எழுதி அதுவே நிலைத்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் தன்விகாவின் ஆரோக்கியக் கணக்கைத் திறந்தால் தடுப்பூசியையும் ஒரு டைஃபாய்டையும் தவிர வேறு எதுவும் இருக்காது.

ரெஹானாவிடம் மறைப்பதில் இனி அர்த்தமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ரெஹானா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, நிழலுக்கு உங்க மனசு தெரியாது. நீங்க எழுதுனது, பேசுனது, வாங்குனது, இதுதான் அதுக்குத் தெரியும். அது தன்னை ஒரு சீக்காளின்னு நம்பிக்கிட்டு விமானம் ஏறியிருக்குது. மக நல்லாருக்கா, இன்னும் ரெண்டு மாசத்துல கல்யாணம் முடிவாகப் போகுது. அங்க போனா வைத்தியம் நல்லாருக்குது. அப்படிப்பட்ட பொம்பளை எதுக்குங்க திரும்பி வரணும்?”

கோகிலவாணி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த எழுபத்தொரு பேரும் அவள் இல்லை, அவள் பேரில் கிளம்பிப் போன வேறு எவளோ. ஒரு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பதிவில் திருத்தம் செய்தால் மறுபரிசீலனை தானாகவே நடக்கும், புது நிழல்களை அனுப்புவார்கள், முப்பது நாள் அவகாசம் இருக்கிறது என்று ரெஹானா சொன்னதெல்லாம் அவள் காதில் பாதிதான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடமும் மகளிடமும் சொன்னாள். பூபதியின் முகம் தெளிந்தது. ஆனால் திருத்தம் என்ற பேச்சை எடுத்ததுமே மறுபடி இருண்டது. சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. பையன் காற்றாலைக் கம்பெனியில் என்ஜினியர், நல்ல குடும்பம், தை பிறந்ததும் உறுதி வார்த்தை, அதாவது நிச்சயம், என்று பேச்சு. இந்த நேரத்தில் ஃபைலைத் தொடுவதா? நாம்தான் உண்மையைத் தெரிந்துகொண்டோமே, அது போதும், ஐரோப்பா எங்கேயும் ஓடிவிடாது என்றான். கோகிலவாணியும் சரியென்றாள். சீக்ரித்துக்கு வரமுடியாது என்று எழுதிவிடலாம். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மனசார அப்படித்தான் நினைத்தாள்.

தன்விகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அப்ப அது நீ இல்லைங்கறே” என்றாள்.

“நான் இல்ல அம்மிணி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

 நாலு நாள் கழித்து தன்விகா யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். இருபது வயது ஆனவளுக்குத் தன் ஃபைலைக் கேட்க யார் கையெழுத்தும் தேவையில்லை. டாக்டரைப் பார்த்தாள், கைரேகை வைத்தாள், எட்டு வருஷத்து வலிப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

பூபதி கை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை, கை அப்படியே கீழே இறங்கியது. கோகிலவாணிதான், ஏன் சாமி இப்படிப் பண்ணினாய், உன் வாழ்க்கை போச்சே என்று அழுதாள்.

“எட்டு வருஷமா என் சீக்குக்கு உம் பேரு. அதுல எழுபத்தொண்ணு வந்துது. எம் பேர்ல இருந்தா நீ திரும்பி வருவியான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதாம்மா” என்றாள் தன்விகா.

மூன்றாம் நாள் சென்னிமலையிலிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், ரஜ்ஜு பொருந்தவில்லையாம். ஏற்கெனவே இரண்டு ஜோசியர் பார்த்துப் பத்துக்கு எட்டு என்று சொன்ன ஜாதகம் அது. ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள், பிள்ளை நல்ல பிள்ளை, எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றார்கள். அன்று மத்தியானமே நங்கை ஆட்டோ பிடித்து வந்து, தான் கட்டிக்காத்ததையெல்லாம் ஒரே நாளில் கெடுத்துவிட்டீர்களே என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனாள்.

வினோதம் என்னவென்றால், அதற்குப் பிந்தைய நாட்களில் அம்மாவும் மகளும் சந்தோஷமாக இருந்தார்கள். கல்யாணம் நின்றுபோன வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடிவு என்ன வருமென்று இருவருக்கும் சந்தேகமே இல்லை. தன்விகா மறுபடியும் அம்மா கையிலிருந்தே மாத்திரை வாங்கிக்கொண்டாள். பூஜ்யம் வந்தால் என்ன வாங்கித் தருவாய் என்று கேட்டுக் கேட்டுச் சீண்டினாள். ஒன்றிரண்டு வரட்டும், பூஜ்யம் என்றால் உன் அம்மாவுக்கு மூளையே இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றாள் கோகிலவாணி. பூபதிகூட ஓரத்தில் சிரித்தான்.

ஃபைலை மாற்றிய பன்னிரண்டாம் நாள் இரண்டு போன்களும் ஒலித்தன. ‘திரும்பாதவை: 94.’ ‘உங்களிடம் திரும்பாதவை: 94.’

தன்விகா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தும்போது சத்தம் வராமல் பார்த்துச் சாத்தினாள். கோகிலவாணிக்கு அதுதான் தாங்கவில்லை. வெளியே நின்றுகொண்டு, இது எப்படி என்று தெரியவில்லை அம்மிணி, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.  பூபதி இந்தத் தடவை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

இரண்டாவது மறுப்புக்குப் பிறகு விண்ணப்பதாரர் ஒரு தடவை நேரில் போய் விளக்கம் கேட்கலாம் என்று ரெஹானா சொன்னாள். கோயமுத்தூர் மையத்தில் பதினைந்து நிமிஷம் தருவார்கள். போன் கூடாது, பேனா காகிதம் கூடாது, கூட ஆள் வரக் கூடாது. வாயால் சொல்வார்கள், காதால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் உள்ளூர்க்காரர். சட்டையில் அருள்தாசன் என்று பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயதிருக்கும், தினமும் இதையே செய்து களைத்த முகம். கோகிலவாணியின் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“மூணாவது நாள் சாயங்காலம் சீக்ரித் மேடம் வீட்டுக்குச் சாப்பிடப் போறீங்க. அங்க உங்க மகளைப் பத்திச் சொல்றீங்க.”

“என்னன்னுங்க?”

“வலிப்பு இருக்குதுன்னு.”

கோகிலவாணியால் நம்ப முடியவில்லை. எட்டு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வரி அவள் எழுதியதில்லை. கூடப் பிறந்த அண்ணனுக்கே சொன்னதில்லை. “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங்க” என்றாள்.

“இங்க சொல்ல மாட்டீங்க மேடம். அங்க யாரு உங்க பொண்ணைப் பார்க்க வரப்போறாங்க? நூத்துல தொண்ணூத்தி நாலு தடவை சொல்றீங்க. சொல்லிட்டு அழறீங்கன்னும் போட்டிருக்குது.”

அவர் மேலும் படித்தார். சீக்ரித்தின் தங்கை மகனுக்கும் அதே வலிப்பு இருந்தது. அந்த நாட்டில் அதற்கு ஒரு வைத்தியம் வந்திருக்கிறது. மூளைக்குள் நூல் மாதிரி ஒன்றை வைக்கிறார்கள். வைத்து ஆறு வருஷம் ஆகிறது, பையனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை, கார் ஓட்டுகிறான். சாப்பாட்டு மேஜையில் சீக்ரித் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிறாள். அரசாங்கம் செய்கிற வைத்தியம், அங்கே குடியிருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மட்டும். வெளியாருக்கு எத்தனை கொடுத்தாலும் கிடையாது.

“பத்தாம் நாள் விமானத்துக்கு நீங்க போகலைங்க. மீன் கழுவற இடத்துல வேலைக்குச் சேர்றீங்க. சில நிழல் பாத்திரம் கழுவுது, சிலது வயசானவங்களைப் பார்த்துக்குது. நாலஞ்சு வருஷம் கஷ்டப்பட்டு எப்படியோ குடியிருப்புக் காகிதம் வாங்கிடறீங்க. வாங்குன வாரமே மகளைக் கூப்பிட்டுக்கறதுக்கு விண்ணப்பம் போடறீங்க.”

கோகிலவாணி கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “வந்தாளுங்களா?”

“இல்லீங்க. நிராகரிச்சுட்டாங்க. உங்க மகளோட நிழல் நூறும் திரும்பலை.”

“ஏனுங்க?”

“அம்மா அங்கதான இருக்கீங்க.”

 பிறகு அவள், அந்தத் தொண்ணூற்று நாலு பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். பத்து வருஷத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள் என்றார் அவர். அதுவரை வருஷாவருஷம் மகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நிறுத்திய அன்றைக்குக்கூட முப்பத்தொரு விண்ணப்பம் பாக்கி இருந்தது.

“திரும்பி வந்த ஆறு பேரு?”

அருள்தாசன் திரையில் தேடினார். “அவங்க சீக்ரித் மேடம்கிட்ட வாயைத் திறக்கலைங்க. சாப்பிட்டாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, பத்தாம் நாள் வந்துட்டாங்க.”

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அந்த வைத்தியம் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை இயந்திரம் கட்டிவிட்ட கதையா என்று மட்டும் கேட்டாள். நெசந்தாங்க என்றார் அவர். பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனா மேடம், நாம இங்க பேசுனதும் பதிவுல ஏறிடும். அப்போ போற நிழலுக்கு வைத்தியம் இருக்கறது கிளம்பும்போதே தெரியும்.”

அவர் சொல்ல வந்தது அவளுக்குப் புரிந்தது. இனி ஆறுகூட வராது. காலையில் இந்தக் கதவுக்குள் நுழைந்தவளை அந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தால் பத்தாம் நாள் வந்து சேரத்தான் நினைத்திருப்பாள். இப்போது வெளியே போகிறவள் வர மாட்டாள். அதை அவளுக்குச் சொல்ல எந்த இயந்திரமும் வேண்டியதில்லை.

திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படி ஆரம்பிப்பது? உன்னை விட்டுப் போகவில்லை அம்மிணி, உனக்காகத்தான் அங்கே மீன் கழுவினேன். இதைச் சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். எழுத்தில் ஒன்றுமில்லை என்றாலும் தன்விகா நம்புவாள், அம்மா முகத்தைப் பார்த்தாலே நம்புவாள். கருமத்தம்பட்டி தாண்டும்போது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பூ கொடுத்தாள், வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் தன்விகா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக முகம் கொடுக்காதவள், அம்மா வந்ததும் தட்டு எடுத்து வைத்தாள். உட்கார் என்றாள். கோகிலவாணி பேச வாயெடுத்தாள்.

“நான் முதல்ல சொல்லிடறேம்மா. அப்பறம் நீ சொல்லு” என்றாள் மகள். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “ஃபைல் மாத்தப் போனேனில்ல, அன்னிக்குத்தான் நான் டாக்டர்கிட்ட நேரா பேசினேன். எட்டு வருஷமா அவரு உன்னைப் பார்த்துத்தான் பேசுவாரு. இது எப்பச் சரியாகும்னு கேட்டேன். ஆகாதும்மான்னாரு. மாத்திரையோட இருந்துக்கலாம், ஆனா போகாது, எந்த ஊர்லயும் இதுக்கு மாத்திரைக்கு மேல வைத்தியம் இல்லைன்னாரு.”

அந்த டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோகிலவாணி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“நீயும் அப்பாவும் சரியாயிடும் சரியாயிடும்னு சொல்லிச் சொல்லி, நான் தினமும் காலைல எழுந்திருச்சா இன்னிக்குச் சரியாயிருக்குமான்னு பார்ப்பேன். பன்னண்டு வயசுலேருந்து அதே வேலை. ஆகாதுன்னு அவரு சொன்ன அன்னிக்கு ராத்திரிதாம்மா நான் நல்லாத் தூங்கினேன். இனிமே அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். கூடப் படிச்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். திங்கக்கிழமைலேருந்து ஒரு எடத்துல வேலைக்கும் போறேன், அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

அவள் பேசுகிறபோது முகம் நன்றாக இருந்தது. எட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத முகம்.

“தொண்ணூத்தி நாலு வந்தப்போ உம்மேல கோவம் கோவமா வந்துது. இந்த மூணு நாளா உள்ள உக்காந்து யோசிச்சேன். எனக்கு மாத்திரை குடுக்கணும்னு நீ ஒரு ஊருக்குப் போனதில்லை. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடத் தலையைக் காட்டிட்டு ஓடியாந்தே. என் சீக்கைக்கூட உம் பேர்ல வெச்சுக்கிட்டே. யாரா இருந்தாலும் சலிச்சுத்தான் போகும். ஒரு தடவை வெளிய போனா, திரும்பி வரத் தோணாதும்மா. நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.” அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க என்ன சொன்னாங்க? அதான? சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனையும் கோகிலவாணியின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா தன்னைக் கைவிடவில்லை என்று தெரிந்துகொள்வாள். கூடவே, சரியாகிற வைத்தியம் ஒன்று இருக்கிறது என்பதையும், அது தனக்கோ தன் அம்மாவுக்கோ திறக்காத ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வாள். நாளைக் காலையிலிருந்து மறுபடி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்து வருஷம், பத்து வருஷம், எத்தனை வருஷமோ.

தோசை தீய்ந்த வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“ஆமா அம்மிணி. சலிச்சுத்தான் போச்சு” என்றாள் கோகிலவாணி.

தன்விகா தலையாட்டினாள். அவள் கண் கலங்கியது, ஆனால் கையை எடுக்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“பரவால்லம்மா” என்றாள்.